செத்த சரக்கு

“சீல் உடைக்காத பீஸ் சார். கம்பெனி டப்பா. அம்பது வருஷமா யாரும் கை வைக்கல.”

பழைய கார் வைத்திருப்பவன் காதில் இந்த மூன்று வாக்கியமும் விழுந்துவிட்டால் அதன்பிறகு அவன் மூளை வேலை செய்யாது. கை தானாகப் பர்ஸுக்குப் போகும். எனக்கும் போனது. மாஸ்டர் சிலிண்டருக்கான ரப்பர் கிட் ஒன்று. டப்பாவில் அச்சடித்திருந்த விலை 17 ரூபாய். நான் கொடுத்தது 4,500. பேரம்கூடப் பேசவில்லை. அர்ச்சனைத் தட்டு வாங்குபவன் பேரம் பேசுவானா என்ன?

கார் அப்பாவுடையது. 1970-ஆம் வருடத்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு, மார்க் 3, நாலு கதவு. இங்கிலாந்தில் 1959-இல் ட்ரையம்ஃப் ஹெரால்டு என்ற பெயரில் வந்த வண்டியை, 1961-லிருந்து மெட்ராஸில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி ஸ்டாண்டர்டு என்ற பெயரில் செய்தது. பானெட், மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து மொத்த முகமும் முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும். தெருவில் நிறுத்தித் திறந்தால் இன்றைக்கும் நாலு பேர் கூடுவார்கள். பிரேக் விஷயத்தில் மட்டும் கவனிக்க ஒன்று உண்டு: ஒரே மாஸ்டர் சிலிண்டர், நாலு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் வழி. ஒரு பாதி போனால் மறு பாதி காப்பாற்றும் என்கிற இன்றைய கார்களின் ஏற்பாடு அதில் கிடையாது.

எங்கள் மெக்கானிக் அண்ணன் கிட்டைப் பிரித்தார். கிண்ணம் போலிருக்கும் ரப்பர் வாஷரை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து மடக்கிப் பார்த்தார். “தம்பி, இது வேணாம். ரப்பருக்கு வயசாகும்” என்றார்.

நான் சிரித்தேன். “அண்ணே, ஒரிஜினல்ணே. யூஸே பண்ணாதது.”

அவர் அதற்குமேல் பேசவில்லை. வண்டி உன்னுது, சாமான் உன்னுது என்கிற முகத்தோடு மாட்டிக் கொடுத்தார்.

மூன்றாவது வாரம் ஏற்காட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். 20 கொண்டை ஊசி வளைவு உள்ள சாலை. பக்கத்து சீட்டில் அப்பா. பாதி இறங்கியிருப்போம், பிரேக் மிதி வழக்கத்தைவிடக் கொஞ்சம் கீழே போனது. அடுத்த வளைவில் இன்னும் கீழே. அதற்கடுத்ததில் மிதி தரையைத் தொட்டுவிட்டது, வண்டி தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஹேண்ட்பிரேக்கை இழுத்து, செகண்ட் கியருக்குத் தள்ளி, மலைப்பக்கச் சுவரில் மட்கார்டைத் தேய்த்து நிறுத்தினேன். அப்பா என்னைத் திட்டவில்லை. இறங்கிப்போய் ஒரு கல்லில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றியபோது அந்த வாஷரின் விளிம்பு விரலில் கறுப்பு மாவாக ஒட்டியது. அதன்மேல் எனக்குக் கோபமில்லை. அது தன் வயதுக்குத் தகுந்தபடி நடந்துகொண்டது. கோபமெல்லாம் எங்கள் கூட்டத்தின்மேல்தான். ‘உபயோகிக்காதது என்றால் புதுசு’ என்று ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லியே அதை வேதமாக்கி வைத்திருக்கும் பழைய கார்ப் பிரியர்களின் கூட்டம். நானும் அதில் ஒருவன், மறைக்கவில்லை.

முதலில் பெயரைப் பார்ப்போம். ஆங்கிலம் பேசும் ஊர்களில் இந்தச் சாமானுக்கு நியூ ஓல்ட் ஸ்டாக் என்று பெயர். ‘என்.ஓ.எஸ்.’ என்று மூன்றெழுத்தில் சொன்னால் விலை ஒரு சுழி கூடும். நம்மூர் சேகரிப்பாளர்கள் ‘கம்பெனி ஒரிஜினல்’ என்கிறார்கள். ஆனால் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் தலைமுறையாக ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருப்பவர்களிடம் கேளுங்கள். அவர்கள் வாயில் வருவது ‘டெட் ஸ்டாக்’. செத்த சரக்கு. விற்காமல் தங்கியது, பணத்தை முடக்கியது, ஆயுத பூஜைக்குப் பரணை ஒழிக்கும்போதெல்லாம் முதலாளி பெருமூச்சு விட்டது. மூன்று பெயரில் பொய் கலக்காத பெயர் இது ஒன்றுதான் என்பேன்.

ஏனென்றால் அந்தப் பெயருக்குள் ஒரு கேள்வி இருக்கிறது. இந்தப் பொருள் ஐம்பது வருடமாக ஏன் விற்கவில்லை?

ஹெரால்டு ஓடிய காலத்தில் பாயிண்ட் செட்டும் பிரேக் ஷூவும் வாட்டர் பம்பும் கடைக்கு வந்த வேகத்தில் போயிருக்கும். அலமாரியில் மிஞ்சியவை எவை? யாருக்கும் தேவைப்படாதவை. தப்பான அளவு. உதாரணத்துக்குப் பிஸ்டனை எடுத்துக்கொள்ளுங்கள். 948 சிசி எஞ்சினின் போர் 63 மில்லிமீட்டர். தேய்ந்த பிளாக்கைக் கடைந்து பெரிதாக்கும்போது 20 தௌ, 40 தௌ என்று ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவார்கள். எல்லோருக்கும் தேவைப்பட்ட சைஸ் அன்றைக்கே தீர்ந்துவிட்டது. டப்பாவோடு உங்களுக்குக் கிடைக்கும் செட் பெரும்பாலும் 60 தௌவாகத்தான் இருக்கும். அதைப் போட வேண்டும் என்பதற்காகவே நல்ல பிளாக்கைக் கடைசி சைஸுக்குக் கடையச் சொன்ன ஒருவரை எனக்குத் தெரியும். செருப்புக்குத் தகுந்தபடி காலை வெட்டுவது என்று கேட்டிருக்கிறோம், பார்த்ததில்லை. அவரிடம் பார்த்தேன்.

மிஞ்சியவற்றில் இன்னொரு வகை, கேஜில் சேராமல் கழித்துக் கட்டப்பட்டவை. கழித்ததை யாரும் கடலில் போடுவதில்லை. அது பின்வாசல் வழியாக வெளியே வந்து, நாற்பது வருடம் கழித்து முன்வாசல் வழியாக ‘ஒரிஜினலாக’ நுழையும். ஒரு வகையில் அது ஒரிஜினல்தான். ஒரிஜினல் கழிவு.

மூன்றாவது வகைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. மெக்கானிக் புதுச் சாமானை டப்பாவிலிருந்து எடுத்து வண்டியில் மாட்டுவார். கழற்றிய பழையதை அதே டப்பாவில் போட்டு மூடி வைப்பார், ஓனர் வந்தால் காட்டுவதற்காக. ஓனர் வரமாட்டார். டப்பா அலமாரிக்குப் போய்விடும். பட்டறையை மூடும்போது அது ‘சீல் உடைக்காத பீஸ்’ ஆகிவிடும். இப்படி ஒரு ஃப்யூயல் பம்ப் வாங்கியிருக்கிறேன். ஃபிளாஞ்சில் போல்ட் தலை அழுத்திய வட்டம் பளிச்சென்று தெரிந்தது, கை படாத யூனியன் நட்டில் ஸ்பேனர் கடித்த தழும்பு இருந்தது. டப்பாவைப் பார்த்த நேரத்தில் கால்வாசி பொருளைப் பார்த்திருந்தால் வாங்கியிருக்க மாட்டேன்.

இனி ரப்பருக்கு வருவோம். உண்மையான சண்டை இங்கேதான்.

ரப்பர் உபயோகத்தால் மட்டும் கெடுவதில்லை. காற்றில் இருக்கும் ஆக்சிஜன் அதைத் தின்கிறது, ஓசோன் அதில் மயிர்க்கோடாக விரிசல் போடுகிறது, சூடு இரண்டையும் துரிதப்படுத்துகிறது. நீங்கள் தொட்டாலும் தொடாவிட்டாலும் இது நடக்கும். இதற்கென்று உலகத் தரநிலையே இருக்கிறது, ஐஎஸ்ஓ 2230. ரப்பர் சாமானைக் கிடங்கில் எத்தனை வருடம் வைக்கலாம் என்று அது சொல்கிறது. இயற்கை ரப்பருக்கு 5 வருடம், சோதித்துப் பார்த்துத் தேறினால் இன்னும் 2. நைட்ரைலுக்கு 7, மேலே 3. இப்போது பிரேக் சீல்களுக்குப் போடும் இபிடிஎம் வகைக்கு 10, மேலே 5. அதுவும் சும்மா இல்லை: வெளிச்சம் படாமல், 25 டிகிரிக்குக் கீழே, ஓசோனைக் கிளப்பும் மின் மோட்டார்கள் பக்கத்தில் இல்லாமல் வைத்திருந்தால்.

25 டிகிரி! நம் கிடங்கு எது? மே மாதத்துச் சென்னையில் தகரக் கூரைக்குக் கீழே ஒரு பரண். அதில் ஐம்பது கோடை. இதைத்தான் ‘யாரும் கை வைக்கல’ என்று விற்கிறார்கள். கை வைக்கவில்லை, சரி. வெயில் வைத்ததே, அதற்கு என்ன பதில்?

“ஆனா பாஸ், நான் போட்ட கிட் பத்து வருஷமா நல்லாத்தான் இருக்கு” என்று எழுதப் போகும் நண்பருக்கு: இருக்கலாம். குளிர்ந்த இழுப்பறையில் நல்ல உறைக்குள் இருந்த ரப்பர் சில நேரம் ஆச்சரியப்படுத்தும். வைப்பரின் ரப்பரிலோ மிதியின் உறையிலோ அந்தப் பந்தயத்தைக் கட்டுங்கள், யாரும் சாகமாட்டார்கள். மாஸ்டர் சிலிண்டரும் பிரேக் ஹோஸும் பந்தயம் கட்டும் இடமில்லை. ஹோஸை மடக்கி, வளைந்த வெளிப்பக்கத்தை லென்ஸ் வைத்துப் பார்க்கலாம், விரிசல் தெரியும். தெரியாவிட்டாலும் உட்குழாய் வீங்கி அடைத்துக்கொண்டிருக்கிறதா என்பதை வெளியிலிருந்து சொல்ல முடியாது. என் கருத்தில் அதைச் சோதிக்கவே வேண்டாம். உற்பத்தித் தேதி சொல்ல முடியாத பிரேக் ரப்பரைக் குப்பையில் போடுங்கள்.

டயரிலாவது தேதி எழுதியிருக்கிறது. 2000-க்குப் பிறகு செய்தவற்றில் கடைசி நாலு இலக்கம், வாரமும் வருடமும். 2319 என்றால் 2019-இன் 23-ஆம் வாரம். மூன்றே இலக்கம் இருந்தால் அது போன நூற்றாண்டு. ‘முள் போகாத பழைய கம்பெனி டயர்’ என்று அதை மாட்டிக்கொண்டு நாற்கரச் சாலையில் ஏறுபவர்களைப் பார்த்திருக்கிறேன். ட்ரெட் முழுதாக இருக்கும். பிரிந்து பறக்கும்போதும் முழுதாகவே பறக்கும்.

ஃப்யூயல் பம்ப், நம் மெக்கானிக்குகளின் வாயில் ‘ஏசி பம்ப்’. அதற்குள் இருக்கும் டயாஃப்ரம் 1960-களின் பெட்ரோலுக்குச் செய்தது. இன்று பங்க்கில் ஊற்றுவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. அந்தக் காலத்து ரப்பருக்கும் துணிக்கும் எத்தனாலோடு பழக்கமே கிடையாது. கிழிந்தால் பெட்ரோல் எஞ்சின் ஆயிலில் கலக்கும், அல்லது சூடான எஞ்சின்மேல் சொட்டும். இரண்டில் எது நல்ல செய்தி என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். கார்க் பேக்கிங் காய்ந்து சுருங்கி துளைக்கு நேராக நிற்காது, பேரிங்கின் கிரீஸ் மெழுகாக இறுகியிருக்கும். இவை சில்லறைக் கணக்கு. பேரிங்கைக் கழுவி, ஆயில் விட்டு, விரலில் சுழற்றிக் காதருகே பிடித்தால் அதுவே சொல்லிவிடும்.

அப்படியானால் செத்த சரக்கெல்லாம் குப்பையா? இல்லை. சில இடங்களில் அதைவிட நல்லது கிடைக்கவே கிடைக்காது.

நாலு கதவு ஹெரால்டு 1968-இல் நம்மூரில் வந்தது. இங்கிலாந்தில் அப்படி ஒன்று செய்யப்படவே இல்லை, அங்கே இரண்டு கதவுதான். ஆகவே எஞ்சினுக்கும் பிரேக்குக்கும் வேண்டியதை அங்கே இன்றைக்கும் புதிதாகச் செய்கிறார்கள், வரவழைத்துக்கொள்ளலாம். என் அப்பா காரின் பின்கதவுக்கு வேண்டியதை உலகத்தில் யாரும் செய்வதில்லை. மெட்ராஸில் அந்த நாளில் அடித்த தகடுதான், பழைய டப்பாதான், இல்லையென்றால் புதுப்பேட்டையில் உடைத்த வண்டிதான். பின்கதவின் பூட்டு ஒன்று, மெழுகுத்தாளில் சுற்றியபடி கிடைத்தபோது நான் அழாத குறை. இரும்புக்குப் பொறுமை உண்டு. துரு தின்னாமல் பார்த்துக்கொண்டால் கியரும் கிராங்க்கும் கதவுப் பூட்டும் நூறு வருடம் காத்திருக்கும். மைக்ரோமீட்டர் வைத்து அளந்து, அளவு சரியென்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். டிஸ்ட்ரிபியூட்டரின் ரோட்டார்கூட அப்படித்தான். இப்போது வருபவற்றில் மட்டமானவை சூடேறியதும் ரிவெட் வழியாகக் கரண்டைக் கசியவிட்டு நடுரோட்டில் நிறுத்திவிடும். பழைய பேக்கலைட் ரோட்டார் டப்பாவோடு கிடைத்தால் விடாதீர்கள். ஆனால் அதே டிஸ்ட்ரிபியூட்டரின் கண்டன்சர் வேறு ஜாதி. காகிதமும் ஈயத்தாளும் சுருட்டியது, ஈரம் ஏறியிருக்கும், இன்சுலேஷன் டெஸ்டரில் போடாமல் நம்பக் கூடாது.

பார்த்தீர்களா, ஒரே அலமாரி, ஒரே கம்பெனி, ஒரே வருடம். ஒன்று தங்கம், ஒன்று எமன். பிரிப்பது எது? எந்தப் பொருளால் செய்தது, என்ன வேலைக்குச் செய்தது என்பது. இந்த வித்தியாசம் எங்கள் மெக்கானிக் அண்ணனுக்கு விரல் நுனியில் இருந்தது. டிகிரி படித்த எனக்குத்தான் டப்பா தேவைப்பட்டது.

அந்த டப்பாவையாவது ஒழுங்காகப் படிக்கிறோமா? அதுவும் இல்லை. பின்கோடு இந்தியாவுக்கு வந்தது 1972 ஆகஸ்ட் 15-இல். ‘1968 சரக்கு’ என்று விற்கும் டப்பாவின் முகவரியில் ஆறு இலக்கம் இருந்தால் அது 1968 இல்லை. ஊர் பெயர் சென்னை என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தால் பெரும்பாலும் 1996-க்குப் பிந்தியது. கோட்டுக் குறியீடு இருந்தால் சொல்லவே வேண்டாம். இவ்வளவு எளிய சோதனையைக்கூடச் செய்யாமல், மங்கிய சிவப்பு அட்டையும் துருப்பிடித்த ஸ்டேப்பிளும் பார்த்து உருகுகிறோம். டீத்தண்ணியில் நனைத்துக் காயவைத்தால் புது அட்டையும் மங்கும். துருப்பிடித்த ஸ்டேப்பிள் தயாரிக்க ஒரு மழைக்காலம் போதும்.

எதிர்த்தரப்பின் கனமான வாதம் ஒன்று உண்டு, அதைத் தாண்டிப் போகக் கூடாது. “வண்டி ஒரு வரலாற்றுச் சாட்சி. அதில் இன்றைய வாஷரைப் போட்டால் சாட்சியைக் கலைக்கிறாய்.” கேட்க நன்றாக இருக்கிறது. 2021-இல் மத்திய அரசு 50 வயது கடந்த வண்டிகளுக்கென்று தனி விண்டேஜ் பதிவு கொண்டுவந்தது. 20,000 ரூபாய் கட்டினால் 10 வருடத்துக்கு நம்பரில் ‘விஏ’ எழுத்து. அந்த விதியும் வண்டி அசல் உருவில் இருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறது. ஆனால் எதை மாற்றாதே என்கிறது? சேஸிஸ், பாடி ஷெல், எஞ்சின். மாஸ்டர் சிலிண்டரின் வாஷரைப் பற்றி அதற்கு அக்கறை இல்லை. சர்க்காருக்கு இருக்கும் விவேகம் நமக்கு இல்லை என்று எழுத எனக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது.

மேலும், வாஷர் எந்த வரலாற்றைச் சாட்சி சொல்கிறது? அது சில வருடத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டிய சாமானாகவே செய்யப்பட்டது. 1970-இல் இந்த வண்டியை ஓட்டியவர் 1920-இல் செய்த வாஷரைத் தேடி அலைந்திருப்பாரா? கடைக்குப் போய் அந்த வருடம் வந்த கிட்டை வாங்கிப் போட்டிருப்பார். அந்தக் காலத்துப் பழக்கத்துக்கு உண்மையாக இருப்பது என்றால் அதுதான். ஓடாமல் கண்ணாடிக்குள் நிற்கப் போகும் வண்டிக்கு எதை வேண்டுமானாலும் மாட்டுங்கள், அது காட்சிப் பொருள். ரோட்டுக்கு வருவதென்றால் எதிரே சைக்கிளில் வருபவருக்கு உங்கள் வரலாற்றுணர்வில் பங்கு கிடையாது.

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேனோ என்னவோ. பழைய ‘ஒரிஜினல்’ பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். கிளட்ச் பிளேட்டிலும் சில பேக்கிங்குகளிலும் இருக்கும். இங்கிலாந்து அதை 1999-இல் தடை செய்துவிட்டது. எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் தரும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. நோய் உடனே வராது. இருபது, முப்பது, நாற்பது வருடம் கழித்து வரும்.

டப்பாவோடு வந்த ஷூவை நான் பட்டறையில் கொடுக்கிறேன். அது டிரம்மில் சரியாக உட்காராது, ஐம்பது வருடத்தில் டிரம் கடைந்து கடைந்து அகன்றிருக்கிறது. “தேய்ச்சு உக்கார வைடா” என்று பையனிடம் கொடுப்பார்கள். பதினெட்டு வயது இருக்கும். எமரித்தாளால் தேய்ப்பான். வெள்ளைத் தூசியை வாயாலேயே ஊதுவான். அவசரமென்றால் ஏர் அடிப்பான், தூசி பட்டறை முழுக்கப் பறக்கும், அவன் டீ டம்ளரிலும் விழும். நான் தள்ளி நின்று அந்தச் சிவப்பு டப்பாவைப் போட்டோ எடுத்துக்கொண்டிருப்பேன். எடுத்திருக்கிறேன். என் வண்டியின் அசல் தன்மைக்கான கட்டணத்தை அந்தப் பையனின் நுரையீரலில் எழுதிவிட்டு வந்திருக்கிறேன். ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத புது லைனிங்கை ரிவெட் அடித்துத் தர ஊருக்கு ஊர் ஆள் இருக்கிறார்கள். டிரம்மை மூடிவிட்டால் உள்ளே இருப்பது எது என்று எந்தக் கண்காட்சி நடுவருக்கும் தெரியப் போவதில்லை.

போன வாரம் ஒருவர் அழைத்தார். தெற்கே ஒரு ஊரில் பழைய கடையை மூடுகிறார்களாம். ஹெரால்டு பிரேக் ஹோஸ் மூன்று இருக்கிறது, ஒரிஜினல், கை படாதது என்றார். “பின்கதவு ஹேண்டில் இருந்தா சொல்லுங்கண்ணே, எவ்வளவு ஆனாலும் எடுத்துக்கறேன். ஹோஸ் எப்ப செஞ்சதுன்னு அதுமேல ஏதாவது போட்டிருக்கா, ஒரு போட்டோ அனுப்புங்க” என்றேன். சரி தம்பி என்றார்.

சாயங்காலம் போட்டோ வந்தது. டப்பாவை எடுத்து அனுப்பியிருந்தார்.